வாடகைக்கு ஆகாயம்

கலிஃபோர்னியா கடற்கரையில் எல்லாரும் அலையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் கொடிக்கம்பத்தைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கணக்குப் போடுவார். ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு சுற்றுலா வந்தவர். சொந்த ஊரில் சிறு விமானம் ஓட்ட லைசென்ஸ் வைத்திருப்பவர். மனைவி டிஸ்னிலேண்டு என்று ஆரம்பித்தால், "அதைச் சுற்றி மூன்று கடல் மைலுக்கு 3,000 அடிக்குக் கீழே பறக்கத் தடை" என்பார். போகலாமா வேண்டாமா என்பதற்கு அதுதான் பதில்.

மற்றவர்கள் சுற்றுலாவுக்குப் பெட்டி கட்டுவார்கள். இவர் கோப்பு கட்டுவார். புறப்படப் பல வாரங்களுக்கு முன்பே ஜெர்மன் லைசென்ஸின் நகல் அமெரிக்க விமானத் துறைக்குப் போய்விடும். அவர்கள் ஜெர்மனிக்கு எழுதிக் கேட்டு, ஆள் அசல்தான் என்று உறுதி செய்துகொள்வார்கள். வந்திறங்கியதும் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். விடுமுறையின் முதல் நாளை அரசு அலுவலக நாற்காலியில் கழித்துவிட்டு இத்தனை பூரிப்போடு வெளியே வரும் மனிதரை வேறெங்கும் பார்க்க முடியாது. கிடைத்த அமெரிக்க லைசென்ஸும் தனியாகச் செல்லாது. அண்ணன் துணையில்லாமல் வாசல் தாண்டாத அந்தக் காலத்துத் தங்கை மாதிரி, ஜெர்மன் லைசென்ஸ் கூடவே வர வேண்டும்.

அடுத்து விமானம். பெரும்பாலும் செஸ்னா 172தான். 1955-இல் முதலில் பறந்த மாடல். இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். சாவியை உடனே கொடுத்துவிட மாட்டார்கள். விமானக் கம்பெனி வேலைக்காக 1,500 மணி நேரம் சேர்த்துக்கொண்டிருக்கும் பொடியன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஐம்பது வயதுக்காரரை ஏற்றி இறக்கச் சொல்லிச் சோதிப்பான். ஊரில் 1013 என்று வைத்துப் பழகிய காற்றழுத்தம் இங்கே 29.92. லிட்டர் கேலனாகிவிடும். அத்தனையையும் மனசுக்குள் பெருக்கி வகுத்துக்கொண்டே, முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஓட்டுவார்.

எடைக் கணக்குதான் ஆபத்து. நான்கு இருக்கை இருக்கிறதே என்று டேங்க்கையும் நிரப்பி நாலு பேரையும் ஏற்றிவிட முடியாது. அதனால் இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் கேட்கத் துணியாத கேள்வியைக் காலை உணவு மேசையில் மனைவியிடம் கேட்டுவிடுவார்.

வாடகை மணிக்கணக்கு. பெட்ரோல் அதிலேயே அடக்கம். என்ஜின் ஓடும் நேரத்தைக் கணக்கிடும் ஹாப்ஸ் மீட்டர் ஆறு நிமிடத்துக்கு ஒரு புள்ளி நகரும். ஓடுபாதைக்காக வரிசையில் நிற்கும்போதும், சிக்னலில் மாட்டிய மீட்டர் ஆட்டோபோல, அது பாட்டுக்கு ஓடும். மணி பார்த்துப் பார்த்து மிதித்த வாடகை சைக்கிள் பையன்களுக்கு இவர் படும் பாடு புரியும்.

இவ்வளவும் எதற்கு? ஒரு பர்கருக்கு. பறந்துபோய்ச் சாப்பிட்டு வருவதை அமெரிக்க விமானிகள் 'நூறு டாலர் ஹாம்பர்கர்' என்பார்கள். பழைய விலையில் வைத்த பெயர்; இன்று கலிஃபோர்னியாவில் அந்தக் காசுக்கு ஒரு மணி நேரம்கூடப் பறக்க முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு எதிரே உள்ள காட்டலினா தீவில், 1,602 அடி உயர மலை உச்சியில் விமான நிலையம். ஓடுபாதை நடுவில் மேடு தட்டியிருப்பதால் மறுமுனை தெரியாது. புதிதாக இறங்குபவருக்குப் பாதை முடிந்துவிட்டது என்றே தோன்றும். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்குபவருக்கு அங்கே பைசன் பர்கர். 1924-இல் சினிமாப் படப்பிடிப்புக்காகக் கொண்டுவந்து விட்ட பைசன்களின் வம்சம் இன்னும் அந்தத் தீவில் மேய்கிறது.

அமெரிக்காவின் பெரும்பாலான சிறு விமான நிலையங்களில் இறங்குவதற்குக் கட்டணம் கிடையாது. ஜெர்மனியில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் காசு கட்டிப் பழகியவருக்கு இது ஏதோ திருட்டுத்தனம்போல உறுத்தும். காட்டலினாவில் கட்டணம் உண்டு. ரசீதை வாங்கிப் பர்ஸில் வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சே சீராகும்.

மனைவி? கடைசிவரை எடையைச் சொல்லவில்லை. லாங் பீச்சிலிருந்து படகில் ஒரு மணி நேரத்தில் அதே தீவுக்கு வந்துவிட்டார். படகுத்துறை கீழே அவலான் ஊரில். அங்கிருந்து விமான நிலையத்துக்கு மலைப்பாதையில் சுமார் 10 மைல்.