காணாமப் போனவனும் பேராண்டி எழுதின நாவலும்

படிச்சேன்டா தம்பி, உன் மர்ம நாவலை. மூணாம் பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு நம்ம வீட்டுப் பூனைக்கும் தெரிஞ்சுபோச்சு, எழுந்து போயிருச்சு. பினாங்குல பொறந்து ஆயர் ஈத்தாம் பாசார்ல வளர்ந்த பய, கதையை எதுக்குடா கொடைக்கானலுக்குத் தூக்கிட்டுப் போனே? இன்ஸ்பெக்டர் ஜீப்புலேர்ந்து குதிக்கணும், அதுக்கா?

இங்க கேமரன் மலை சும்மா கிடக்கு. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டை ஊரு உலகமெல்லாம் வித்த அமெரிக்கன் ஜிம் தாம்சன், 61 வயசு. நம்ம பினாங்குல வந்து எறங்கி, இங்கேர்ந்துதான் டாக்சி பிடிச்சு தானா ராத்தாவுக்கு ஏறினான். மூன்லைட் பங்களாவுல மத்தவங்க மத்தியானத் தூக்கம் போட, இவன் வெளிய நடந்தான். திரும்பலை. சிகரெட்டை வச்சுட்டுப் போயிருக்கான்டா! விடாம ஊதுறவன் அதை விட்டுட்டுப் போனா, தூரம் போற எண்ணமில்லன்னுதானே? அந்த ஒரு பாக்கெட்டு பண்ற வேலையை உன் கதையில ஆறு பொணம் பண்ணலையே.

அப்புறம்தான் கூத்து. போலீசு, பட்டாளம், ஒராங் அஸ்லி பழங்குடிங்க, போமோ மந்திரவாதிங்க, எல்லாரும் காட்டுக்குள்ள. ஹாலந்துலேர்ந்து போய் அமெரிக்காவுல பேரெடுத்த ஞானதிருஷ்டிக்காரன் பீட்டர் ஹுர்கோஸ் வந்து, கம்போடியாவுக்குக் கடத்திட்டாங்கன்னான். தாம்சன் உலகப்போர்ல உளவுத்துறையில இருந்தவன்; விடுவாங்களா, உளவுச் சதின்னாங்க. புலின்னாங்க. வந்தவன் ஒவ்வொருத்தனும் தான் கொண்டுவந்த காரணத்தையே காட்டுல கண்டுபிடிச்சான். காடு ஒரு செருப்பைக்கூடக் காட்டலை. 1974ல தாய்லாந்துக் கோர்ட்டு செத்தவன்னு எழுதிருச்சு.

அதே 1967 ஆகஸ்டுல, அமெரிக்காவுல அவன் அக்காவை யாரோ கொன்னுட்டாங்க. பார்த்தியா, உன் கை துருதுருங்குது! ரெண்டையும் முடிச்சுப் போடாதே. போலீசாலயே முடியலை, நீ பன்னெண்டாம் அத்தியாயத்துல அவுத்துடுவியா?

முதல்ல உன் துப்பறிவாளனோட லண்டன் கோட்டைக் கழட்டு. தேயிலைக்கு மருந்தடிக்கிற நம்ம தோட்டத்தாளு ஒருத்தனை வை. எந்தப் புதர்ல கால் வைக்கக்கூடாதுன்னு அவனுக்குத் தெரியும். நீயும் காட்டைக் கொஞ்சம் பாரு. நாளைக்கு நம்ம பினாங்குக் கொடிமலைக்கு ரயில்ல போகாம, மூன் கேட்டு வழியா நடந்து ஏறு. ஆத்தாகிட்ட சொல்லிட்டுப் போ. உன்னைத் தேடப் பட்டாளத்தைக் கூப்பிட எனக்கு வசதி பத்தாது.