38 பேர் சுமந்த ஊட்டி டிரிப்

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, குருபரப்பள்ளி ஹைவே ஓரம் கையில் டீயோடு நின்று பாருங்கள். சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ், மாங்காய் லோடு லாரி, நடுவே கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நின்று கடுப்பாகி வந்த டூரிஸ்ட் கார்கள். கூரைமேல் டென்ட், டிக்கியில் கேஸ் அடுப்பு, பின்சீட்டில் பாட்டி. எப்போதாவது ஒரு கேரவனும் உருண்டு போகும். உள்ளே கட்டில், ஃப்ரிட்ஜ், பாத்ரூம் சகலமும் உண்டு. “வீட்டையே தூக்கிக்கிட்டு மலைக்குப் போறானுங்களே, என்ன காலம்டா!” என்று டீக்கடைப் பெரிசுகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவசரப்படாதீங்க பெரியவரே! இந்தப் பழக்கத்துக்கு இருநூறு வயசு. அப்போது வண்டிக்கு டயர்தான் கிடையாது. வெறும் கால்கள்.

1834 ஜூன். மெட்ராஸில் கப்பலை விட்டு இறங்குகிறார் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. சாட்சாத் அவரேதான். இன்றைக்கும் பையன் இங்கிலீஷில் ஃபெயிலானால் நாம் திட்டுகிற அதே மெக்காலே. வயது 33, பிரம்மச்சாரி, கவர்னர் ஜெனரல் கவுன்சிலில் சட்ட மெம்பர். இந்தியாவைக் கடைத்தேற்ற வந்த மகான் என்று ஒரு கோஷ்டி, கெடுக்க வந்த வில்லன் என்று எதிர்க்கோஷ்டி. அவரோ கிளம்புவதற்கு முன்பே தங்கைக்குக் கணக்கு எழுதிவிட்டார்: வருஷச் சம்பளம் பத்தாயிரம் பவுண்டு. ஐயாயிரத்தில் ஜாம்ஜாம் என்று வாழலாம். மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டு நாற்பது வயசுக்குள் ஊர் திரும்பிவிடலாம். துபாய்க்கு ஃபிளைட் ஏறும் நம்மூர் அண்ணன் சொல்வதும் வார்த்தை பிசகாமல் இதேதான்!

கப்பலில் கிட்டத்தட்ட நாலு மாசம். மனிதர் யாரிடமும் அதிகம் பேசாமல் படித்துத் தள்ளினார். வால்டேர் மட்டுமே எழுபது வால்யூம். போகிற தேசத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டுமே என்று ஜேம்ஸ் மில் எழுதிய இந்திய வரலாற்றையும் முடித்தார். மில் யார்? இந்தியாவில் ஒருமுறைகூடக் கால் வைக்காமல் இந்தியாவின் வரலாற்றை எழுதிய மேதை. ஹோட்டல் பக்கமே போகாதவன் போட்ட ரிவ்யூவை நம்பி ரூம் புக் பண்ணுவது நம் காலத்து வியாதி என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

கவர்னர் ஜெனரல் பெண்டிங்குக்கு உடம்பு சரியில்லை. ஊட்டியில் ரெஸ்ட். “இங்கேயே வந்துவிடுங்கள்” என்று மெக்காலேவுக்குத் தகவல் வருகிறது. கூடவே வந்த தங்கை ஹன்னாவைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டு இவர் மட்டும் ஊட்டிக்குக் கிளம்பினார். ஃபேமிலி டிரிப்பில் முதல் வேலையாக ஃபேமிலியைக் கழற்றிவிடும் டெக்னிக்கை வெள்ளைக்காரன் அப்போதே கண்டுபிடித்துவிட்டான்.

பெங்களூர், மைசூர் வழியாக 400 மைல். முழுவதும் பல்லக்கில், மனிதர்களின் தோள்மேல்! இவர் ஒருவர் மலையேற மொத்தப் பரிவாரம் 38 பேர். படுக்க மெத்தை, படிக்கப் புத்தகம், இழுத்து மூடக் கதவு. இதுதான் அன்றைய கேரவன். செல்ஃப் டிரைவ் என்கிறோமே, அதற்கு நேர் எதிர்: செல்ஃபைத் தவிர எல்லோரும் டிரைவ் பண்ணினார்கள்.

அவருடைய வேலைக்காரருக்கும் தனிப் பல்லக்கு. பெயர் பீட்டர் பிரிம். கிளம்பும்போதே சிலுவை போட்டு, “என் புனிதரிடம் ஒப்படைத்துவிட்டேன், நல்லபடியாகப் போய்ச் சேருவோம்” என்றாராம். இவ்வளவு பக்தியா, பெட்டியைச் சுருட்டப் போகிறான் என்று மெக்காலேவுக்கு டவுட். கடைசியில் பார்த்தால் ஆள் பத்தரைமாற்றுத் தங்கம். உள்ளூர் பாஷை பேசுவார், பில்லில் தகராறு பண்ணுவார், படுக்கை விரிப்பார், குழம்பும் வைப்பார். ஒரே குறை, ஓயாமல் அட்வைஸ். இந்தியாவுக்கே அட்வைஸ் பண்ண வந்தவரால் தனக்கு ஒருத்தன் பண்ணிய அட்வைஸைத் தாங்க முடியவில்லை!

வழியில் மைசூர் ராஜாவைப் பார்த்தார். ராஜா விடாப்பிடியாகத் தன் துணிமணிகளை எல்லாம் எடுத்துக் காட்டினார். பிறகு ஓவியக் கூடம். அங்கே இருந்ததோ ஆறேழு கலர் பிரிண்ட், வெலிங்டன் பிரபுவின் தலை ஒன்று. இங்கிலாந்தில் ஏதோ கடை போர்டில் தொங்கிக்கொண்டிருந்த படம் இது என்று மெக்காலே கடிதத்தில் நக்கலடித்தார். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் 1831-லேயே கம்பெனிக்காரன் ராஜாவிடமிருந்து ஆட்சியைப் பிடுங்கியாயிற்று. விருந்தாளிக்குக் காட்ட அவரிடம் பீரோவைத் தவிர வேறென்ன மிச்சம்?

ஒருவழியாக ஊட்டி. 1819-இல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ‘கண்டுபிடித்த’ மலை. அங்கே காலங்காலமாக எருமை மேய்த்து வந்த தோடர்கள், தாங்கள் காணாமல் போய்விட்டதாக யாரிடமும் புகார் கொடுத்திருக்கவில்லை. போகட்டும். மெக்காலே போனது மழைக்காலம். வெளியே தலைகாட்ட முடியவில்லை. வைஃபையும் இல்லை. அவர் பெட்டியிலிருந்து ‘கிளாரிஸா’ நாவலை எடுத்து நாலு பேருக்குக் கொடுத்தார். இங்கிலீஷிலேயே மிக நீளமான நாவல்களில் ஒன்று, சோகத்தில் மெகா சீரியலுக்குக் கொள்ளுப்பாட்டி. அவ்வளவுதான், மலையே பைத்தியமாகிவிட்டது. கவர்னர் மனைவி புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்ள, அதற்காக செக்ரட்டரி காத்துக்கிடக்க, சீஃப் ஜஸ்டிஸோ கண்ணீர் மறைத்ததால் படிக்க முடியாமல் தவித்தாராம். சொன்னவர் மெக்காலேவேதான். நம் தலையெழுத்தை எழுத மலையேறியவர்கள், கிளாரிஸாவின் தலையெழுத்துக்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

கீழே இறங்கி ஐந்து மாசம். 1835 பிப்ரவரி 2, கல்கத்தா. அதே மெக்காலே பிரசித்தி பெற்ற கல்விக் குறிப்பை எழுதுகிறார். சம்ஸ்கிருதமும் அரபியும் தனக்குத் தெரியாது என்று அதிலேயே ஒப்புக்கொள்கிறார். அடுத்த மூச்சில், நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஒரு அலமாரித் தட்டுக்கு இந்திய, அரபு இலக்கியம் மொத்தமும் ஈடாகாது என்று தீர்ப்பும் சொல்கிறார். அந்தத் தட்டில் ‘கிளாரிஸா’வுக்கே பாதி இடம் போயிருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கவர்னர் ஜெனரலே ஊட்டிக்கு வழிகாட்டிவிட்டார், மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1870-இலிருந்து மெட்ராஸ் சர்க்காரே ஃபைல், குமாஸ்தா, டவாலி சகிதம் கோடையில் ஊட்டிக்கு மூட்டை கட்டியது. செயின்ட் ஸ்டீபன் சர்ச்சுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையை உடைத்து எடுத்த மரங்கள் ஏற்கெனவே மலையேறியிருந்தன. வேட்டைக்குச் சிவப்புக் கோட்டு, குதிரை, நாய்க்கூட்டம் எல்லாம் தயார். நரிக்குத்தான் தட்டுப்பாடு. விடுவார்களா? குள்ளநரியைத் துரத்தினார்கள்.

1877-இல் வைஸ்ராய் லிட்டன் வந்தார். ஊட்டி மழையைப் பார்த்துச் சொக்கிப்போய், என்ன அழகான இங்கிலீஷ் மழை, என்ன சுவையான இங்கிலீஷ் சேறு என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். அதே வருஷம் கீழே, கிருஷ்ணகிரி அடங்கிய சேலம் ஜில்லா உட்பட மாகாணம் முழுக்க மழை பொய்த்து, தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் எனக்கும் ஜோக் வரவில்லை.

மலையேறாமல் ஓசூரிலேயே இங்கிலாந்தைத் தேடியவரும் உண்டு. பிரெட் என்ற சேலம் கலெக்டர் அங்கே இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டை மாதிரியே ஒரு கோட்டை கட்டினார். கோட்டை இருந்தால்தான் கல்யாணம் என்று பெண் கண்டிஷன் போட்டாளாம், ஊரில் சொல்லும் கதை. இதில் வேடிக்கை, ஒரிஜினல் கோட்டையே 1649-இல் இடிக்கப்பட்டு மொட்டைச் சுவராக நின்றது. ஓசூர் கோட்டையும் இன்றைக்கு இடிபாடுதான். இவ்வளவு கச்சிதமான காப்பியை நான் பார்த்ததேயில்லை.

1899-இல் ரயில் குன்னூரைத் தொட்டது, 1908-இல் ஊட்டியை. பல்லக்குக்கு ரிட்டயர்மென்ட். ஆனால் 1834-இல் பெங்களூர் மேட்டையும் நீலகிரியையும் ஏறிய அந்த 38 பேரில், எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தர் பெயர்தான் சரித்திரத்தில் மிஞ்சியிருக்கிறது: பீட்டர் பிரிம். அதுவும், கேட்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது என்று எஜமான் எழுதி வைத்ததால்! தோள் கொடுத்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஆகவே கேரவனோ, இன்னோவாவோ, எதில் வேண்டுமானாலும் வீட்டைத் தூக்கிக்கொண்டு போய் வாருங்கள். ஒரே ஒரு விண்ணப்பம். கொண்டை ஊசி வளைவுகளில் உங்களைப் பத்திரமாக ஏற்றிவிடும் டிரைவரின் பெயரைக் கேட்டு வையுங்கள். ராத்திரி ஊட்டிக் குளிரில் அவரை வண்டி சீட்டிலேயே தூங்க விடாமல் ஒரு ரூம் போட்டுக் கொடுங்கள். மெக்காலே பீட்டருக்குத் தனிப் பல்லக்கே கொடுத்தார் ஐயா!