கூடாரத் தளபதி

சிகாகோ புறநகரிலிருந்து ஐந்து தமிழ்க் குடும்பங்கள் கேம்பிங் கிளம்பினால், நான்கு குடும்பங்கள் சும்மா பொழுது போக்கப் போகும். ஐந்தாவது வீட்டுக்காரர் படையெடுத்துப் போவார். வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் அவர் ‘அண்ணா’. முழங்காலுக்குக் கீழேயும் பாக்கெட் வைத்த கால்சட்டை. எந்தப் பாக்கெட்டில் கைவிட்டாலும் ஒரு டார்ச் வரும்.

படை போவது பெரும்பாலும் விஸ்கான்சினில் பராபூ ஊருக்குப் பக்கத்திலுள்ள டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்காவுக்கு. 1911இல் பூங்காவான இடம். ஏரிக்கரையில் 500 அடி உயரத்துக்குக் குவார்ட்சைட் பாறைகள் எழுந்து நிற்கும். அங்கே கூடாரம் போட 11 மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். ஆகவே, ஆகஸ்ட் முகாமுக்கு அண்ணா முந்தின செப்டம்பரிலேயே கணினி முன் உட்கார்ந்துவிடுவார். இதே முன்யோசனையை அண்ணி தன் பிறந்தநாளுக்கு எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கார் டிக்கியைத் திறந்தால், மகளைத் தனிக்குடித்தனம் வைக்கப் போகிற அப்பாவின் வண்டி மாதிரி இருக்கும். கூடாரம், அதற்கு மேலே கட்டத் தார்ப்பாய், தார்ப்பாய் பறக்காமலிருக்க முளைகள், முளை அடிக்க ரப்பர் சுத்தியல், அந்தச் சுத்தியல் தொலைந்தால் இன்னொரு சுத்தியல். பின்சீட்டு நடுவில் இட்லி மாவு, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு.

விறகு மட்டும் இருக்காது. பத்து மைலுக்கு அப்பாலிருந்து சான்றிதழ் இல்லாத விறகைப் பூங்காவுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது விஸ்கான்சின் விதி. ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்ற பச்சை வண்டு, முகாமுக்கு வருகிறவர்களின் விறகுக்குள் ஒளிந்துதான் ஊர் விட்டு ஊர் போகிறது. புதிதாக வந்த தம்பி ஒருவன் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து இரண்டு கட்டை எடுத்துவந்தால் தொலைந்தான்.

“தம்பி, அது கட்டை இல்லப்பா, வண்டுக்கு நீ எடுத்துக் குடுத்த டிக்கெட்!”

அன்று முழுக்க அண்ணா சொன்னவற்றில் முற்றிலும் சரியானது இது ஒன்றுதான். அதை யாரும் காதில் வாங்கவில்லை என்பது அவருக்கு நிரந்தர வருத்தம்.

அடுப்பு மூட்டுவதில் அவருக்குப் பங்காளி கிடையாது. விறகை எப்படி அடுக்குவது என்று யூடியூபில் பார்த்து வைத்திருக்கிறார். அரைமணி நேரம் எல்லாரும் இருமியபின், அண்ணி பேசாமல் வந்து கொஞ்சம் சமையல் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போவார். தீ பிடிக்கும். “பாத்தீங்களா, அடுக்குற விதம்தான்!” என்பார் அண்ணா.

இரவு 11 மணிக்குமேல் சத்தம் கூடாது. 10:55க்கே அவர் ‘உஷ்’ போடத் தொடங்குவார். கூடாரம் கூடாரமாகப் போய்ப் போடுகிற அந்த ‘உஷ்’ஷைவிடப் பெரிய சத்தம் அந்தக் காட்டில் வேறெதுவும் இல்லை. பிறகு குளிர்பெட்டியைக் காரில் வைத்துப் பூட்டுவார். ரக்கூன் எந்த மூடியையும் திறந்துவிடும், விரல் அப்படி. பூட்டின கார்தான் அதற்கு முடியாது.

அமைதி நேரம் காலை 6 மணிக்கு முடிகிறது. 6:05க்கு அண்ணாவின் குக்கர் முதல் விசில் அடிக்கும். பக்கத்துத் தளத்து அமெரிக்கத் தாத்தா கூடாரத்துக்குள்ளிருந்து தலையை நீட்டி வானத்தைப் பார்ப்பார். அண்ணா கையசைத்து, “குட் மார்னிங், பொங்கல்!” என்பார். சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை.

சாப்பிட்டதும் எல்லாரும் பாறைமேல் ஏறவும் நீந்தவும் கிளம்புவார்கள்.

“ஏங்க, நீங்க வரலையா?”

“சாமானை யாரு பாத்துக்கிறது?”

போவதற்குமுன் பிள்ளைகளை நிறுத்தி, பனியாறு மண்ணையும் கல்லையும் கொண்டுவந்து பள்ளத்தாக்கின் இரண்டு வாயிலும் கொட்டி அடைத்ததால்தான் இந்த ஏரி உண்டானது என்று பாடம் நடத்துவார். சொல்வது முழுக்க உண்மை. கைகாட்டுவது மட்டும் கார் நிறுத்துமிடத்தை. பிறகு நாற்காலியில் சாய்ந்து, அடுத்த வேளைக்கு வெங்காயம் எத்தனை என்று எண்ணத் தொடங்குவார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் யாராவது, “ஏரி எப்படி இருந்தது?” என்று கேட்பார்கள்.

“சூப்பர். ஷவர்ல வெந்நீர் நிக்காம வருது.”