அத்தான் தலையில் ஒரு தென்னைமரம்

தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் திடீரென்று ஃபோட்டோஷாப் கற்கக் கிளம்பினால், அதற்குப் பின்னால் எப்படியும் ஓர் உறவினர் இருப்பார். கோவில்பட்டி சார் விஷயத்தில் அது அவருடைய அத்தான். சாரின் பெயர் இங்கே வேண்டாம். அவர் தெருவில் 'சார் வீடு' என்று கேட்டாலே கை காட்டுவார்கள்.

அத்தானுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டப வாசலில் வைக்கப் பத்துக்கு எட்டு அடியில் ஃபிளெக்ஸ் அடிக்கும் பொறுப்பு மைத்துனரான சாருக்கு வந்தது. அத்தான் சிரித்தபடி இருக்கும் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பேரனுக்கு மொட்டை போட்ட அன்று கோயில் தோப்பில் எடுத்தது. விபூதி, ஜரிகைத் துண்டு, சிரிப்பு எல்லாம் அமைந்திருந்தன. ஆனால் தலைக்கு நேர் பின்னால் ஒரு தென்னைமரம். பார்க்கிறவர்களுக்கு அத்தானின் உச்சந்தலையிலிருந்தே ஓலை புறப்பட்டு, இரண்டு இளநீரும் காய்த்திருப்பதாகத் தெரியும்.

"மரத்தத் தூக்கிருவோமா சார்?" என்றான் ஃபிளெக்ஸ் கடைத் தம்பி. சார் பதில் சொல்வதற்குள் மரம் போய்விட்டது.

புறம்போக்கில் நிற்கும் மரத்தை வெட்ட அனுமதி கேட்டு வந்த மனுக்களைப் பணிக்காலம் முழுவதும் கோப்பில் கட்டிக் கட்டி மேலே அனுப்பியவர் அவர். சில கோப்புகள் திரும்பி வருவதற்குள் மரமே பட்டுப் போயிருக்கிறது. இங்கே விண்ணப்பம் இல்லை, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை இல்லை, ஒரு பையன் எலியை அசைத்ததும் வானம் வெறிச்சென்று ஆகிவிட்டது. இந்த அதிகாரம் தனக்கும் வேண்டும் என்று சாருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

அந்த அதிகாரத்தை முதலில் உண்டாக்கியவரும் ஒருவகையில் கோப்பைக் கிடப்பில் போட்டவர்தான். 1987இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் நால் என்ற மாணவர், முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதவேண்டிய நேரத்தில், தன் மேக்கின்டாஷ் கணினியின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்ட ஒரு சின்ன நிரல் எழுதினார். 'டிஸ்ப்ளே' என்று அதற்குப் பெயர். ஆய்வேட்டைத் தள்ளிப்போடும் மாணவர்களுக்கு நம் ஊரிலும் குறைவில்லை. அவர்கள் டீக்கடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தாமஸுக்கு ஜான் என்று ஒரு தம்பி, திரைப்படத் தந்திரக் காட்சிகள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்துவந்தார். அவர் விடவில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வளர்த்த நிரலை அடோபி உரிமம் பெற்று, 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. வாடிக்கையாளர்களுக்குச் செய்து காட்ட ஜான் எடுத்துப்போனது, போரா போரா தீவின் கடற்கரையில் அவர் பிடித்த படம். கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண் அப்போது அவருடைய காதலி, பிறகு மனைவி. உலகத்தில் முதன்முதலாக ஃபோட்டோஷாப்பில் வெட்டி ஒட்டிப் பிரதியெடுக்கப்பட்ட குடும்ப உறுப்பினர் அவராகத்தான் இருக்கவேண்டும். அத்தான் முறை பின்னால் வந்தது.

சாருக்குக் கற்றுக்கொடுத்த கடைத் தம்பியின் பாடமுறையே தனி. எந்தக் கருவிக்கும் பெயர் சொல்லமாட்டான். "கன்ட்ரோல் ஜே போடுங்க, கன்ட்ரோல் டி போடுங்க, இழுங்க, என்டர் தட்டுங்க" என்று போய்க்கொண்டே இருப்பான். "ஜே எதுக்குப்பா?" என்றால், "ஜே போட்டாத்தான் சார் வரும்" என்பான். அரசாணை எண்ணைக் குறிப்பிடாமல் எதையும் செய்து பழகாத மனிதருக்கு இது பெரிய வேதனை. குறிப்பேட்டில் தனியே கோடு போட்டு, 'ஜே – லேயரை நகலெடுக்க; டி – அளவு மாற்ற' என்று எழுதிவைத்துக்கொண்டார்.

லேயரை மட்டும் அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். கிராம வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து உட்பிரிவைக் கோடு போடுவதுபோலத்தான் அது. அடித்தால் தாள்தான் போகும், வரைபடம் பிழைத்துக்கொள்ளும். 1994இல் மூன்றாம் பதிப்பில்தான் இந்த வசதியே வந்தது. அதற்கு முன் ஒட்டினால் ஒட்டியதுதான். தம்பி தன் லேயர்களை 'லேயர் 1 காப்பி 14' என்று அநாதையாக விட்டுவிடுவான். சாரின் கோப்பில் 'அத்தான் – தலை', 'அத்தான் – தலை – திருத்தியது', 'அத்தான் – துண்டு (பார்வையில் வைக்கப்பட்டது)' என்று வரிசையாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் குரு சிஷ்யனிடம் கற்கவேண்டும் என்பது இந்தக் கட்டுரையாளரின் எண்ணம். நள்ளிரவில் ஐம்பது லேயருக்குள் மாப்பிள்ளையின் மீசையைத் தேடி அலைந்தவர்களுக்கு அது புரியும்.

கடைக் கணினியில் ஃபோட்டோஷாப் திறப்பதற்குள் ஒரு டீ குடித்து வந்துவிடலாம். டீ வேண்டாமென்றால், அது திறக்கும்போது தோன்றும் பெயர்ப் பட்டியலைப் படிக்கலாம். பல பதிப்புகளில் அந்தப் பட்டியலில் விடாமல் இருந்த ஒரு பெயர் சீதாராமன் நாராயணன். தினமும் திரையில் பார்த்துப் பார்த்து அந்தப் பெயருக்கு வெளிநாட்டு வடிவமைப்பாளர்கள் ரசிகர் மன்றமே வைத்தார்கள். சார் அந்தப் பெயரைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, மென்பொருள் நின்றுபோனாலும் திட்டுவதில்லை. "நம்மாளு செஞ்சது, ஏதாவது காரணம் இருக்கும்" என்பார்.

சிக்கல் வீட்டில்தான் ஆரம்பித்தது. அப்பாவின் ஆர்வத்தைப் பார்த்துப் பெங்களூர் மகள் மடிக்கணினியில் மாதச் சந்தாவுக்குப் புதிய பதிப்பைப் போட்டுக் கொடுத்தாள். கடையில் இருந்ததோ பழைய பதிப்பு. அது அங்கே எப்படி வந்தது என்று கேட்பது நாகரிகமல்ல. பழையதில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் படம் கோணாமல் சீராகப் பெரிதாகும். 2018 அக்டோபரில் வந்த பதிப்பில் அடோபி இதைத் தலைகீழாக்கிவிட்டது. சும்மா இழுத்தாலே சீராக வரும். ஷிஃப்டை அழுத்தினால்தான் கோணும். சார் கடையில் கற்ற பக்தியோடு வீட்டில் ஷிஃப்டை அழுத்தி இழுக்க, அத்தான் நெடுநெடுவென்று ஒல்லியாகி நின்றார். தொந்தி இருந்த இடம் தெரியவில்லை. எட்டிப் பார்த்த அக்கா, "ஏல, இதையே வையி" என்றாள்.

கன்ட்ரோல் இசட்டும் அதே பதிப்பில்தான் குணம் மாறியது. பழைய வழக்கப்படி அதை ஒருமுறை தட்டினால் கடைசி வேலை ரத்து. மறுபடி தட்டினால் ரத்து ரத்து. புதியதில் தட்டத் தட்டப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். கடைப் பழக்கத்தில் இரண்டு தட்டு தட்டிய சாருக்கு, அரும்பாடுபட்டு எடுத்த தென்னைமரம் இளநீரோடு திரும்பி வந்தது. மரத்தை அகற்ற அவர் பயன்படுத்தியதும் சாதாரண வித்தையல்ல. 2010இல் சி.எஸ்.5 பதிப்பில் வந்த வசதி அது; காலியான இடத்தைச் சுற்றுமுற்றும் பார்த்துத் தானே நிரப்பிக்கொள்ளும். சுற்றுமுற்றும் என்ன இருக்கிறது என்பதில்தான் விஷயம். முதல் தடவை நிரப்பியபோது மரம் நின்ற இடத்தில் அத்தானுக்கு மூன்றாவதாக ஒரு காது வந்தது.

ஃபிளெக்ஸின் கீழ்ப்பகுதியில் 'வருக வருக' என்று உறவினர்களின் தலைகள் வரிசையாக வரவேண்டும். இது தொழில்நுட்பம் அல்ல, ராஜதந்திரம். படங்களை அனுப்பச் சொன்னதும் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தன. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். நாலு கை மாறி வந்தால் மிச்சமிருக்கும் விவரமும் தேயும். மதுரைச் சித்தப்பா அனுப்பியது நாற்பது பேர் நிற்கும் குரூப் போட்டோ. அதில் அவர் முகம் 60 பிக்சல் அகலம். அதை ஓரடிக்கு இழுத்தால் ஒவ்வொரு பிக்சலும் 5 மில்லிமீட்டர் சதுரமாகும். சித்தப்பா முகத்தில் சித்தப்பாவைத் தவிர மற்ற எல்லாம் தெரியும். தெளிவாக வரவேண்டுமே என்று, "போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்டா அனுப்புங்க" என்று குடும்பக் குழுவில் தகவல் போட்டார் சார். அது சரியான வழிதான்; அப்படி அனுப்பினால் படம் சுருங்காது. மறுநாள் காலைக்குள் பதினோரு ஆதார் அட்டைகளும் ஒரு பட்டா நகலும் வந்திருந்தன.

தலைகளை அடுக்கியபோது சம்பந்தியின் இடது தோளைச் சித்தப்பாவின் சட்டை மறைத்தது. சம்பந்தியின் லேயரை மேலே ஏற்றினால் சித்தப்பாவின் பாதிக் காது போகிறது. இரண்டு பேரையும் சற்று நகர்த்தினால் தீர்ந்தது என்றான் தம்பி. எடுத்த படத்தை நகர்த்துவது முறையா என்று சாருக்குத் தயக்கம். முன்னுதாரணம் இருக்கிறது. நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் 1982 பிப்ரவரி அட்டையில், எகிப்தின் பிரமிடுகளையே கணினியில் நெருக்கி வைத்துவிட்டது; அகலவாட்டில் எடுத்த படம் நெட்டுவாக்கு அட்டைக்குள் அடங்கவேண்டும் என்பதுதான் காரணம். பெரிய கண்டனம் எழுந்தது. பிரமிடுகள் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சம்பந்திகள் அப்படியல்ல.

அளவு போடும் இடத்தில் சார் 300 என்று தட்டினார். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார். கையில் வைத்துப் பார்க்கும் பத்திரிகைக்கு அது சரி. பத்துக்கு எட்டு அடிக்கு அப்படிப் போட்டால் 103 கோடி பிக்சலைத் தாண்டுகிறது. மடிக்கணினி ஒரு பெருமூச்சு விட்டு, விசிறியைச் சுழற்றி, வெள்ளைத் திரையோடு உட்கார்ந்துவிட்டது. "தூரத்துல நின்னு பாக்குறதுக்கு எதுக்கு சார் முந்நூறு? எழுபத்திரெண்டு போதும்" என்றான் தம்பி. அதிலேயே கிட்டத்தட்ட 6 கோடி பிக்சல் இருக்கிறது. அத்தானுக்கு அது தாராளம்.

எழுத்து வேலையைப் பழைய கடைக்காரர்கள் ஃபோட்டோஷாப்பில் செய்வதில்லை. படம் அதில், எழுத்து கோரல்டிராவில். கனடாவிலிருந்து 1989இல் வந்த அந்த மென்பொருள் எழுத்தைப் புள்ளியாக அல்லாமல் கோடும் வளைவுமாக வைத்துக்கொள்வதால், எத்தனை அடிக்கு இழுத்தாலும் விளிம்பு பிசிறாது. தமிழ்நாட்டில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து வண்டி ஸ்டிக்கர் வரை அதன் புண்ணியம் நிறைய. தம்பி பாமினி எழுத்துருவில் அடித்துக்கொடுத்த வாசகத்தை சார் வீட்டில் திறந்தார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். அத்தானின் அறுபதாம் கல்யாண அழைப்பு முழுவதும் ஆங்கில எழுத்துகள் சண்டை போட்டுக் கிடந்தன. யூனிகோடில் அடித்துப் பார்த்தார். தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வை ஃபோட்டோஷாப்பின் அமைப்புகளில் போட்டிராததால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'அழைக்கிறோம்' என்ற சொல்லைப் பார்த்தால் யாரும் வரமாட்டார்கள்.

ஃபிளெக்ஸ் ஒருவழியாக அடிபட்டு வந்தது. திரையில் அக்காவின் பட்டு பளீரென்ற கிளிப்பச்சை. ஃபிளெக்ஸில் அது நெல்லிக்காய் ஊறுகாய் நிறத்துக்கு இறங்கியிருந்தது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியை உமிழ்கிறது. அச்சு மையோ விழுகிற ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. ஒளியில் எட்டுகிற எல்லாப் பச்சையும் மையில் எட்டாது. இதை சார் அக்காவிடம் பொறுமையாக விளக்கினார். "பதினெட்டாயிரம் ரூபா பட்டு" என்று மட்டும் சொன்னாள் அக்கா.

மண்டபத்தில் பாதிப் பேர் ஃபிளெக்ஸ் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் தங்கள் தலை ஏன் சிறிதாக இருக்கிறது என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு சார் வீட்டுத் திண்ணைக்கு மனுதாரர்கள் வரத் தொடங்கினார்கள். பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சட்டை மாற்ற ஒருவர், பெண் பார்க்க அனுப்பும் படத்தில் பரு எடுக்க ஒருவர்.

எதிர்வீட்டு அண்ணாச்சியின் மனு கொஞ்சம் கடினமானது. அவருடைய அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படமே கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபிரேம் போடவேண்டும். இந்த வேலையை நம் ஊர் ஸ்டூடியோக்கள் கணினிக்கு முன்பே கத்தரிக்கோலும் தூரிகையுமாகச் செய்து வந்தவைதான். ஆனால் அப்பா மில் சங்கக் குரூப் போட்டோவில் முப்பது வயதில் நிற்கிறார். சீக்கிரம் போய்ச் சேர்ந்த மனிதர். அம்மாவின் படம் எழுபத்தெட்டு வயதில் எடுத்தது. சேர்த்து வைத்தால் பாட்டியும் பேரனும்.

"அம்மாவை இளமையாக்கிப் பார்ப்போமா?" என்றார் சார்.

"அம்மா மேல கை வைக்காதீங்க சார். அது எங்களுக்குப் பழகுன முகம். அப்பாவுக்கு வயசக் கூட்டுங்க."

எத்தனையோ வாரிசுச் சான்று மனுக்களைப் பரிசீலித்தவர் சார். இறந்தவருக்கு வயதைக் கூட்ட எந்த விதியிலும் இடமில்லை. இருந்தாலும் கிருதாவில் கொஞ்சம் நரை ஏற்றினார். கண்ணாடி ஒன்று மாட்டிவிட்டார். அண்ணாச்சி தள்ளி நின்று பார்த்து, இன்னும் கொஞ்சம் நரை என்றார், மீசையைத் தொடவேண்டாம் என்றார், சட்டை பட்டாக இருக்கலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா கழுத்துல ஒரு ரெட்டை வடச் சங்கிலி போட்டுருங்க சார். வாங்கித் தாரேன், வாங்கித் தாரேன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாராம்" என்றார்.

"எத்தனை பவுன்ல?" என்று கேட்டபடி புது லேயர் ஒன்றைத் திறந்து, அதற்குப் பெயர் அடிக்கத் தொடங்கினார் சார்.