மூச்சு வாங்குதலும் பணிவும்: ஊவாச் சரிவுகளை முன்வைத்து ஒரு முன்னாய்வு

1. கருதுகோள்

உடலில் வலு, மூளையில் படிப்பு, மனதில் அடக்கம் மூன்றும் ஒருவருக்கே வாய்ப்பது அரிது என்று அறிஞர்கள் வருந்துகிறார்கள். அவர்கள் சமதரையில் குடியிருப்பவர்கள். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், பள்ளிக்கூடம் விட்டு மேட்டு லயத்துக்குத் திரும்பும் பிள்ளைக்கு மூன்றும் ஒரே பாதையில் கிடைக்கின்றன. கால் ஏறுகிறது, முதுகில் புத்தகம் கனக்கிறது, மூச்சு வாங்குவதால் வாய் மூடியிருக்கிறது. ஆகவே பணிவு ஒரு குணமன்று, ஏற்றத்தில் நேரும் மூச்சுப் பற்றாக்குறை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

2. சான்றுகள்

அரிஸ்டாட்டில் நடந்தபடியே பாடம் சொன்னார் என்பார்கள். அந்த நடைபாதை மட்டமாக இருந்திருக்க வேண்டும். நமுனுகுலை மலையில் நடந்திருந்தால் பாதித் தத்துவம் தொண்டையிலேயே நின்றிருக்கும்.

கொழும்பிலிருந்து வரும் அறிஞர் வேறு ரகம். 1924இல் பதுளையை எட்டிய ரயில் பாதை, பட்டிப்பொலவில் 1,898 மீட்டர் வரை ஏறி, பதுளைக்கு வரும்போது சுமார் 650 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. ஏற்றத்தில் இரைத்ததெல்லாம் எஞ்சினுக்கு. பயணி மூச்சுச் சேதாரமின்றி வந்து சேர்கிறார், வந்ததும் உரையாற்றுகிறார்.

அப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட்டிலும் இதே முடிவு. தம்பேத்தன்னைத் தொழிற்சாலையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் நடந்து ஏறியவர் உச்சியில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோவில் வந்தவர் தேயிலையின் முழு வரலாற்றையும் பக்கத்திலிருப்பவருக்கு விளக்குகிறார்.

எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பையும் இங்கே சேர்க்க வேண்டும். 1934இல் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர்; தான் ஆசிரியராக இருந்த தோட்டத்தின் பேரைத் தன் பேருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் பட்டம் போடும் இடத்தில் அவர் தோட்டம் போட்டார்.

3. மறுப்பு

ஒரு சிக்கல் உண்டு. தோட்டங்களில் துரை பங்களா மேட்டில் இருக்கும், லயங்கள் அதற்குக் கீழே. துரை இறங்கி வந்தார், மூச்சு மிச்சமிருந்தது, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேசினார். கொழுந்துக் கூடையோடு ஏறி வந்தவர்கள் பேசவில்லை. அதைப் பணிவு என்று மேலே இருந்தவர்கள் கணக்கெழுதிக்கொண்டார்கள்.

அவர்கள் அவதானித்த நேரம்தான் பிழை. பல தோட்டங்களில் முழுப் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ கேட்பார்கள். கொழுந்து நிறுக்கையில் அதில் இரண்டு கிலோவை வெட்டிப் பாருங்கள்; தராசடிக்கு வருவதற்குள் மூச்சு திரும்பியிருக்கும். எனவே கருதுகோளுக்கு ஒரு திருத்தம்: மூச்சு வாங்கல் தற்பெருமையைத்தான் நிறுத்துகிறது, நியாயம் கேட்பதை அல்ல.

4. பரிந்துரை

நூல் வெளியீட்டு விழாக்களை இனி வாகனம் போகாத உச்சிகளில் நடத்தலாம். பேச்சாளர் ஏறி வந்த கையோடு மைக்கைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் பேசி முடித்த பிறகே. தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, நயவுரை நான்கும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நன்றியுரையை மட்டும் யாரும் சுருக்கத் தேவையில்லை. அதை வாசிப்பவர் நாற்காலி சுமந்துகொண்டு காலையிலேயே ஏறியிருப்பார்.