சால்வையே சம்பளம்

போடியில் ஏலக்காய்க்கு இருக்கிற மரியாதை பாட்டுக்காரருக்குக் கிடையாது. மூட்டை ஏல மையத்துக்கு வந்தால் அதற்கு லாட் நம்பர் உண்டு. சாம்பிளைத் தட்டில் கொட்டி, பச்சை குறையாமல் இருக்கிறதா, பருமன் எட்டு மில்லிமீட்டர் தேறுமா என்று பார்த்து, கம்ப்யூட்டரில் விலை ஏற்றுகிறார்கள். மேற்பார்வைக்கு ஸ்பைசஸ் போர்டு. விற்ற பணம் இத்தனை நாளுக்குள் தோட்டக்காரர் கைக்குச் சேர வேண்டும் என்று விதி. சேரவில்லை என்றால் சங்கம் கூடும், சத்தம் தெருவரை கேட்கும். எந்த வியாபாரியும், “அண்ணே, உங்க காய் தெய்வீக மணம்ணே” என்று கையெடுத்துக் கும்பிட்டு, சால்வை போர்த்திவிட்டு, மூட்டையைச் சும்மா தூக்கிக்கொண்டு போனதில்லை. போயிருந்தால் முழுசாக வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

அறுபதுகளில் பாடிய குரல்களை நாம் அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனோம். கும்பிட்டோம், போர்த்தினோம், தூக்கினோம். இன்னும் தூக்கிக்கொண்டிருக்கிறோம்.

இன்றைக்கு ஒரு பாட்டை வரி வரியாகப் பாடி, சுருதி விலகினால் மெஷினில் நிமிர்த்தி, ஒட்டிக் கொடுக்கிறார்கள். அன்றைக்கு அந்தச் சலுகை இல்லை. பாடுபவரும் மொத்த வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே மூச்சில். கடைசிச் சரணத்தில் தபேலா சறுக்கினால் பல்லவியிலிருந்து மறுபடியும். டூயட் பாட வந்தவருக்குத் தும்மல் வந்தால் அதற்கும் சேர்த்து மறுபடியும். பாடி முடித்தால் கையில் ஒரு கவர். பெரும்பாலோருக்கு அதோடு கணக்கு முடிந்தது. இசைத்தட்டு நூறு விற்றாலும் லட்சம் விற்றாலும், இலங்கை வானொலி காலையில் ஒரு தடவை மாலையில் ஒரு தடவை ஒலிபரப்பினாலும், நம் கேசட் கடைக்காரர் நாம் எழுதிக் கொடுத்த லிஸ்ட்படி இரண்டு பக்கமும் நிரப்பிக் கொடுத்தாலும், பாடினவர் வீட்டுக்கு ஒரு போஸ்ட் கார்டுகூடப் போகாது.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு: சட்டம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. 1957-ல் வந்த பதிப்புரிமைச் சட்டத்தில் பாட்டு எழுதியவர் இருந்தார், மெட்டுப் போட்டவர் இருந்தார், பதிவு செய்த கம்பெனி இருந்தது. பாடினவர் மட்டும் இல்லை. டி.எம்.சௌந்தரராஜன் மதுரைக்காரர், தொண்டையைத் திறந்தால் கூரை அதிரும். அந்தச் சட்டத்தின் காதில் மட்டும் விழவில்லை. அறுபதுகளில் பம்பாயில் லதா மங்கேஷ்கர் பாடகர்களுக்கும் ராயல்டி வேண்டும் என்று கேட்டார். எதிர்த்துப் பேசியவர் முகமது ரஃபி. சம்பளம் வாங்கியாயிற்று, பிறகென்ன பங்கு என்பது அவர் நியாயம். சில வருஷம் இருவரும் சேர்ந்து பாடவே இல்லை. நல்ல மனிதரின் பெருந்தன்மையைப் போல முதலாளிக்கு லாபம் தரும் சரக்கு வேறு கிடையாது.

1977-ல் இந்த விஷயம் வேறொரு வழக்கின் வால் பிடித்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. இசை உரிமைச் சங்கத்துக்கும் படத் தயாரிப்பாளர்களுக்கும் சண்டை, தயாரிப்பாளர்கள் ஜெயித்தார்கள். தீர்ப்பை ஒப்புக்கொண்ட நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், போகிற போக்கில் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். சுவரம் எழுதின காகிதத்துக்கு உரிமை தருகிற சட்டம், உயிரைக் கொடுத்துப் பாடினவரைக் கண்டுகொள்ளவில்லை. இது இந்த நாட்டு இசைக்குப் பொருந்தாத ஏற்பாடு. பாராளுமன்றம் கவனிக்கட்டும் என்பது அதன் சாரம். பாராளுமன்றம் கவனித்தது, 17 வருஷம் கழித்து. 1994-ல் ‘நிகழ்த்துபவர் உரிமை’ என்று ஒன்று சட்டத்தில் ஏறியது. ராயல்டி என்று வாய்விட்டுச் சொல்ல 2012 ஆயிற்று. ஏ.எம்.ராஜா 1989-லேயே போய்விட்டார். ஜிக்கி 2004-ல். பி.பி.ஸ்ரீநிவாஸ் 2013 ஏப்ரலில், டி.எம்.எஸ். அடுத்த மாதம். சட்டம் வாசல்படி ஏறி வந்து காலிங் பெல்லை அழுத்தியபோது உள்ளே ஆள் இல்லை.

கிருஷ்ணய்யருக்குப் பாட்டுக்காரர் மேல் இந்தக் கரிசனம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஆனால் எங்கள் மலைக்காரன் புத்தி ஒரு முடிச்சைப் போட்டுப் பார்க்கிறது. 1957-ல் ஈ.எம்.எஸ். அமைத்த கேரள மந்திரிசபையில் அவர் சட்ட அமைச்சர். அந்த ஆட்சி நூலிழைப் பெரும்பான்மையில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், 1958-ல், தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தது. தேவிகுளம் எங்கே இருக்கிறது? போடிமெட்டு வளைவுகளை ஏறி முடித்து அந்தப் பக்கம் போனால் வருகிற ஊர்தான். ஓட்டுப் போட வேண்டியவர்களில் தேயிலைக் காட்டுத் தமிழர்கள் ஏராளம். அவர்களிடம் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடப் போனவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார், ஆட்சி மூச்சு விட்டது. பாவலருக்கு மந்திரி பதவியா கொடுத்தார்கள்? கைதட்டல் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உலையில் போட முடியாது.

அந்தப் பாவலர் குழுவில் வளர்ந்த தம்பிதான் பின்னால் இளையராஜா ஆனார். தன் மெட்டுக்குப் பணம் கேட்டு அவர் கோர்ட்டுக்கும் வக்கீல் நோட்டீசுக்கும் போனபோது ஊரே பொங்கியது: இவ்வளவு பெரிய மனுஷனுக்குக் காசு மேல் இத்தனை ஆசையா? நான் அவர் பக்கம். உழைத்தவன் கூலி கேட்பதில் என்ன கேவலம்? ஆனால் 2017-ல் அந்த நோட்டீஸ் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கும் போனதே, அங்கேதான் இடிக்கிறது. மெட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு, சரி. அந்த மெட்டை ஊர் வாயில் உட்கார வைத்த குரலுக்குச் சொந்தக்காரர் யார்? பாவலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று அழுகிற நாமேதான், குரல் வைத்திருப்பவனைப் பார்த்து ‘நீ வெறும் வாய்தானே’ என்கிறோம்.

வாய் என்றதும் அரசியல் ஞாபகம் வருகிறது. தேனி மாவட்டத்தில் யாரிடமாவது நல்ல தத்துவப் பாட்டு ஒன்று சொல்லச் சொல்லுங்கள். “எம்ஜிஆர் பாட்டு” என்று ஆரம்பிப்பார். எம்ஜிஆர் பாடினாரா? உதட்டை அசைத்தார். பாடியவர் வியர்வை வழிய மைக் முன்னால் நின்ற ஒரு மதுரைக்காரர். அவரே மறுநாள் சிவாஜிக்குக் குரலின் எடையை மாற்றிக்கொண்டு பாடினார். அது “சிவாஜி பாட்டு” ஆகிவிட்டது. டி.எம்.எஸ். பாட்டு என்று ஒன்று முருகன் கோயிலில் மட்டும்தான் மிஞ்சியது, முருகனுக்கு வாயசைக்கத் தெரியாததால்.

அதிமுக ஜீப்பில் குழாயைக் கட்டினால் முதலில் தெருவுக்குள் வருவது டி.எம்.எஸ்.தான். தலைவர்கள் பிறகு வருவார்கள். 1984-ல் ஆண்டிபட்டி வேட்பாளர் எம்ஜிஆர் அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஓட்டு பெட்டி பெட்டியாக விழுந்தது. 1989-ல் எங்கள் போடித் தொகுதியில் நடந்தது இன்னும் வேடிக்கை. உடைந்த கட்சியில் ஜெயலலிதா ஒரு பக்கம், ஜானகி அணிக்காக வெண்ணிற ஆடை நிர்மலா இன்னொரு பக்கம். 1965-ல் ஸ்ரீதர் எடுத்த ‘வெண்ணிற ஆடை’யில் அறிமுகமான முகங்களில் இரண்டு ஒரே தொகுதியில் கும்பிட்டபடி வந்தன. அந்தப் படத்துக்காகப் பாடிய பி.சுசீலா வரவில்லை, வந்திருந்தால் கூட்டத்தில் பாதிப் பேருக்கு யாரென்று அடையாளம் தெரிந்திருக்காது. ஜெயலலிதாவே ‘அடிமைப் பெண்’ணில் 1969-ல் கே.வி.மகாதேவன் இசையில் சொந்தக் குரலில் பாடியவர். ரெக்கார்டிங் கூடத்தின் கஷ்டம் தெரிந்த ஒருவர் எங்கள் எம்எல்ஏ ஆனார், பிறகு மாநிலத்தையே ஆண்டார். பாட்டுக்காரர்களுக்குக் கலைமாமணி கிடைத்தது. மெடல்.

எல்.ஆர்.ஈஸ்வரி கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோரஸ் பாடிய அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போன கிறிஸ்தவப் பெண். 1961-ல் ‘பாசமலர்’ கல்யாணப் பாட்டு அவரை வீடு வீடாகக் கொண்டுபோனது. உடனே கோடம்பாக்கம் ஒரு வேலைப் பிரிவினை செய்தது: கதாநாயகி கற்போடு பாட ஒரு குரல், கிளப்பில் ஆடுகிறவள் கண்ணடித்துப் பாட ஈஸ்வரி குரல். தங்கள் வீட்டுப் பெண் முணுமுணுத்தால் பல்லைப் பேர்த்துவிடுவேன் என்று சொல்லி, அதே பாட்டைத் தியேட்டரில் விசிலடித்துக் கேட்டார்கள் கனவான்கள். கிளப் பாட்டுக் காலம் முடிந்ததும் என்ன ஆயிற்று? அதே குரல் அம்மன் ஆகிவிட்டது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்தால், சுற்றுப்பட்டு ஊரில் விடிகாலை நாலரைக்குக் குழாய் ஸ்பீக்கரில் முதல் அலறல் ஈஸ்வரியுடையது. ஏலத் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறும்போது, அந்தக் குரலுக்கு ஒருத்திக்காவது மேல் சிலிர்க்கும். மைக்செட்டுக்காரருக்கு வாடகை உண்டு. ஜெனரேட்டர் டீசலுக்குக் காசு உண்டு. பந்தல்காரர் விடமாட்டார், வாங்கிவிடுவார். ஆத்தாளையே அழைத்து வருகிற குரலுக்கு மட்டும் வரவு செலவுப் புத்தகத்தில் வரி கிடையாது. கேட்டால், “சாமி காரியத்துல காசு பேசலாமாக்கா?” என்பார் விழாக் கமிட்டித் தலைவர். அவர் பெயர் நோட்டீசில் ஏலக்காய் மூட்டை சைஸில் அச்சாகியிருக்கும்.

2011-ல் ‘ஒஸ்தி’ படத்தில் ஈஸ்வரியை மறுபடி பாடவைத்தபோது, ‘இந்த வயதிலும் இந்தக் குரலா’ என்று எல்லோரும் வியந்தார்கள். நடுவில் இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இனி டெலிவிஷன். 1975 ஆகஸ்டில் சென்னையில் தூர்தர்ஷன் வந்தது. ‘ஒலியும் ஒளியும்’ வந்ததும் வெள்ளிக்கிழமை ராத்திரி தெரு வெறிச்சோடியது. ஒலி முதலில், ஒளி பிறகு என்று பெயரில் மட்டும் ஒரு மரியாதை. பாட்டை நடிகர் முகத்தோடு பார்த்தோம்; பாடினவர் முகத்தைப் பார்க்க அவர் கிழவராகும்வரை காத்திருந்தோம். ஏனென்றால் தொலைக்காட்சிக்கு இளமையில் வேண்டியது முகம், முதுமையில் வேண்டியது கண்ணீர். பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகள் வந்தபின் அதற்கென்றே ஒரு வாரம் ஒதுக்கினார்கள். பெயர் ‘லெஜண்ட்ஸ் ரவுண்ட்’ என்பதுபோல ஏதாவது இருக்கும்.

காட்சி எப்போதும் ஒன்றுதான். சக்கர நாற்காலியில், அல்லது இரண்டு பேர் தோளைப் பிடித்து, அவரை சோபாவில் உட்காரவைப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளை அவர் பாட்டைப் பாடும். கேமரா பிள்ளையை விட்டுப் பெரியவர் உதட்டுக்குப் போகும். அது தானாக அசையும். இங்கே ஸ்லோ மோஷன். ஒரு நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். தொகுப்பாளர் குரல் கம்ம, “இந்தத் தருணத்தை வார்த்தையால சொல்ல முடியல, ஒரு சின்ன இடைவேளைக்கு அப்புறம்…” என்பார். சொல்ல முடியாத தருணத்தை நகைக்கடை சொல்லும், சோப்பு சொல்லும், மசாலாப் பொடி சொல்லும். எங்கள் ஏலக்காயும் அந்தப் பொடியில் இருக்கலாம், அதற்குப் பணம் வந்துவிட்டது. இடைவேளை முடிந்தால் சால்வை. மேடைக்கு வந்த விருந்தினருக்கு அந்தச் சால்வைக்கு மேல் என்ன கொடுத்தார்கள் என்பது எந்த எண்ட் கார்டிலும் ஓடுவதில்லை.

இது நம் ஊர்ச் சாபம் மட்டும் என்று நினைத்து யாரும் வெட்கப்பட வேண்டாம். வெட்கத்தை உலகம் பங்கு போட்டுக்கொள்ளும். அமெரிக்காவில் அரேதா ஃபிராங்க்ளின் 1967-ல் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ ரேடியோவில் எத்தனை கோடித் தடவை ஓடினாலும் அந்நாட்டு வழக்கப்படி பங்கு எழுதினவருக்கு, அதாவது ஓடிஸ் ரெடிங் கணக்குக்கு. பாடினவருக்கு ரேடியோ காசு கிடையாது. பாட்டின் பெயரே மரியாதை! சுப்ரீம்ஸ் குழுவைத் தொடங்கிய பெண்களில் ஒருத்தி ஃப்ளோரன்ஸ் பல்லார்ட், டிவியில் மின்னுகிற உடுப்போடு தேசமே பார்த்த முகம். 1976-ல் 32 வயதில் செத்தார்; அதற்கு முன் அரசாங்க உதவிப் பணத்தில் பிள்ளைகளை வளர்க்க வேண்டிவந்தவர்.

நம்மிடம் ஆறுதலுக்குச் சாதனைப் புத்தகம் இருக்கிறது. 2016-ல் பி.சுசீலா பெயரில் 17,695 பாட்டு என்று கின்னஸ் எழுதிக் கொடுத்தது. எண்ணி முடித்தார்கள், அதுவரைக்கும் பாராட்டலாம். நானும் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு பாட்டுக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு ரூபாய் என்று வைத்தாலும் 17,695 ரூபாய். 2019-ல் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ ஏழாயிரத்தைத் தொட்டதே, அந்த விலைக்கு இரண்டரைக் கிலோ. ஒரு பிரேஸ்லெட் போட்ட வியாபாரி கல்யாணப் பையில் இதைவிட அதிகம் போட்டுக் கொடுப்பார். அந்த இரண்டரைக் கிலோவைக் கொடுப்பதற்குத்தான் சட்டம், திருத்தம், சங்கம், கோர்ட், பேச்சுவார்த்தை.

எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் ஒருவர் இருக்கிறார். டி.எம்.எஸ். குரலை அப்படியே எடுப்பார். கண்ணை மூடிக் கேட்டால் செத்தவர் எழுந்து வந்ததுபோல இருக்கும். போன திருவிழாவில் விழாக் கமிட்டி அவருக்கும் சால்வையைத் தூக்கிக்கொண்டு வந்தது, பணம் கச்சேரி முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றது. அவர் சால்வையை வாங்கிப் பக்கத்து நாற்காலியில் போட்டார். மைக்கைத் தட்டிப் பார்த்தார், ஊரே கேட்கிற மாதிரி.

“பாக்கி பன்னெண்டாயிரம் வந்துருச்சுன்னா பல்லவி. வரலைன்னா இந்தச் சால்வையவே பாடச் சொல்லுங்கண்ணே.”

பத்து நிமிஷத்தில் பணம் வந்தது.