ரசக்கறையின் தொன்மை: பொன்னியின் செல்வன் மறுவாசிப்பு குறித்த ஒரு பூர்வாங்க ஆய்வு

இவ்வாய்வின் நோக்கம், இவ்வாய்வுக்கு ஒரு நோக்கம் உண்டென்று நிறுவுவதாகும். களம்: எங்கள் வீட்டு மர அலமாரி, இரண்டாம் தட்டு. மூலம்: 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் வந்த தொடர்கதையை வாராவாரம் பாட்டி கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்த ஐந்து பாகங்கள். தற்போது நான்கு.

மறுவாசிப்பாளர் மூவகைப்படுவர். முதல் பக்கத்திலிருந்து தொடங்குவோர். கைபோன பக்கத்தில் திறப்போர். மணியம் வரைந்த படங்களை மட்டும் பார்ப்போர்; இவர்கள் ஆய்வுக்கு உதவமாட்டார்கள்.

இனி, கறையியல்.

ஆடிப்பெருக்கன்று கதாநாயகன் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான் அல்லவா, அந்தத் தொடக்கப் பக்கங்களில் மட்டும் 9 கறைகள். பெரியது ரசம். (அலங்கார சாஸ்திரிகள் பேசும் ரசம் வேறு, இது மிளகு ரசம்.) அது ரசமே என்பதற்குச் சான்று: பாட்டி, வாய்மொழி. ரசமல்ல, வத்தக்குழம்பு என்பது மறுப்பு: சித்தப்பா, திண்ணை, கரண்ட் போன வேளை. இருவரும் தவறு, அது காப்பி என்பது மூன்றாம் தரப்பு: அம்மா, அடுப்படியிலிருந்து, முதுகைக் காட்டியபடி, தாளிப்புச் சத்தத்துக்கு நடுவே கூறியது, பிற்பாதி கேட்கவில்லை. மேலும் காண்க: மேலது, மேலதற்கும் மேலது, அதே அடுப்படி, அடுத்த நாள், முற்றிலும் மாறான கருத்து. முகர்ந்து பார்த்ததில் கரப்பான்பூச்சி வாசனை மட்டுமே கிடைத்தது. முடிவு ஒத்திவைக்கப்படுகிறது.

சிக்கல் இதுவல்ல. கடம்பூர் மாளிகையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ணும் பக்கங்களில் ஒரு கறைகூட இல்லை. தாள் பழுத்திருக்கிறது, விரல் பட்ட மடிப்பில்லை. துக்கத்தில் வாசகர் உண்ணாநோன்பு இருந்தனர் என்று இதை வைத்தே ஒருவர் முனைவர் பட்டம் வாங்கிவிடலாம். இதைவிடக் குறைந்த சரக்கில் வாங்கியவர்களை அறிவேன்.

உண்மை வேறு. அந்த இடம் நெருங்கினால் பாட்டி புத்தகத்தை மூடிவிடுவாள். மறுநாள் மத்தியானம், சாதத்தட்டும் கையுமாக, மறுபடி ஏரிக்கரைக்கே போய்விடுவாள். 9 கறைக்கும் காரணம் இதுதான். ஏன் பாட்டி என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் படிச்சாத்தானேடா அவன் சாகணும்?"

கதை இருக்கட்டும்; வரலாற்றில் கரிகாலனைக் கொன்றது யார் என்பதில் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். உடையார்குடிக் கல்வெட்டோ ரவிதாசன் முதலான சிலரைப் பெயர் சொல்லியே துரோகிகள் என்கிறது. கல்லில் வெட்டியிருந்தாலும் அறிஞர்களுக்குள் தீராது போலும். கொலையே நடக்கவில்லை என்ற எங்கள் பாட்டியின் கட்சியை எந்தக் கருத்தரங்கும் இதுவரை எடுத்துக்கொள்ளவில்லை. நானும் ஜுரம் வந்தால், மனசு சரியில்லையென்றால், அந்தக் கட்சிதான். படுத்துக்கொண்டு ஏரிக்கரையைத் திறந்தால் காற்று வீசுகிறது. கரிகாலன் இன்னும் காஞ்சியில் உயிரோடு இருக்கிறான்.

பின்குறிப்பு: மூன்றாம் பாகமான 'கொலை வாளை' "ரெண்டே நாள்" என்று வாங்கிப்போன உறவினர் இதைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து திருப்பித் தரவும். கறைகளைத் துடைக்க வேண்டாம்.